மூன்று விலைப்புள்ளிகளும் ஒரு மேம்பாலமும்

மனிதகுலம் நாகரிகம் அடைந்தது நெருப்பை மூட்டிய அன்று அல்ல. சக்கரத்தை உருட்டிய அன்றும் அல்ல. ஒரு பொருளுக்கு மூன்று இடத்தில் விலை கேட்டு, மூன்றில் மலிவானதை வாங்கினானே, அன்றுதான் மனிதன் மனிதனானான்.

இந்த மகத்தான உண்மையை உலகுக்கு அறிவித்தவர், தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியின் கொள்முதல் அதிகாரி. அறிவித்த இடம், அவர் வீட்டுக் குளியலறை வாசல். கேட்டுக்கொண்டிருந்த உலகம், தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு நின்ற அவருடைய ஒரே மகள். வயது பதினொன்று. அன்று சனிக்கிழமை; துண்டை எடுக்கமாட்டேன் என்று காலையிலிருந்தே அடம்.

"துண்டோடயா திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போவே பாப்பா?"

"பாப்பான்னு கூப்பிடாதீங்கப்பா. ஆமா, துண்டோடதான். போட்டோலயும் துண்டோடதான் நிப்பேன்."

துண்டுக்கு அடியில் இருந்தது அதிகாரியின் சொந்தக் கைவேலை. பிள்ளைக்கு முடி வெட்டுவதற்கெல்லாம் வெளியே காசு கொடுப்பது வீண் என்று போன விடுமுறையில் அவருக்கு ஞானம் பிறந்தது. மூன்று கடையில் விலை கேட்டுக் கத்தரிக்கோல் வாங்கினார். நெற்றி முடி நேராக வரவேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலிருந்து ரசமட்டம் கொண்டுவந்தார். மகளின் நெற்றியில் அதை வைத்து, குமிழி நட்டநடுவே வந்து நின்ற பிறகே கத்தரித்தார். குமிழி பொய் சொல்லவில்லை. பிள்ளைதான் அந்த நேரம் மூலையிலிருந்த டிவியைத் தலைசாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. தலை நிமிர்ந்ததும் முடி ஓட்டுக்கூரைபோல ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்ய இந்தப் பக்கம் கொஞ்சம், இதைச் சரிசெய்ய அந்தப் பக்கம் கொஞ்சம் என்று, இரண்டு பூனைகளுக்குக் குரங்கு பங்கு பிரித்த கதையாக, கடைசியில் புருவத்துக்கு வெகு உயரத்தில் ஒரு வட்டம் மிஞ்சியது. முன்பக்கத்துக்குப் பொருத்தமாகப் பின்பக்கமும் வெட்டப்பட்டது.

"கச்சிதமா இருக்கு. பாதுகாப்பாவும் இருக்கு" என்று தானே தரச்சான்றிதழ் கொடுத்துக்கொண்டார். வகுப்பிலும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் 'ஹெல்மெட்'.

"வர்ற திங்கட்கிழமை கிளாஸ் போட்டோங்க" என்றபடி அம்மா வந்தாள். அம்மாவுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை. பிறர் வாயைத் திறக்க வைக்கும் இடத்தில் வேலை பார்ப்பவள், வீட்டில் தன் வாயை மூடிப் பழகவில்லை. "போட்டோன்னா சும்மாவா? அவ கிழவியாகற வரைக்கும் எவளாவது ஒருத்தி அத எடுத்து வெச்சுக்கிட்டு, 'இதோ பாரு ஹெல்மெட்டு'ன்னு காமிப்பா. புள்ள ராத்திரி பூரா அழுதிருக்கா. இன்னிக்கே ஒரு நல்ல சலூனுக்குக் கூட்டிட்டுப் போய் வெட்டிட்டு வாங்க."

"போறேன். யார் மாட்டேன்னா? மூணு இடத்துல கொட்டேஷன் கேட்டுட்டு..."

"எங்கப்பாவும் எனக்கு மூணு இடத்துலதாங்க கேட்டாரு. அதுல மலிவா வந்தது நீங்கதான். நான் பட்டது போதாதா?"

அதிகாரி சீப்பை எடுத்தார். கண்ணாடி முன்னால் போய்த் தலைவாரத் தொடங்கினார்.

அவர் தலைவாருவதைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உச்சியில் முடி விடைபெற்றுப் பல காலமாகிறது. ஆனால் அந்தச் செய்தி வெளியே தெரியாது என்பது அவர் எண்ணம். இடது காதுக்கு மேலே விளைந்ததை முழங்கை நீளத்துக்கு வளர்த்து, நடுத்தலை வழியாக வலது காது வரை கொண்டுபோய், ஜெல் போட்டு ஒட்டிவிடுவார். ஆபீசில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. எனவே யாருக்கும் தெரியாது. வீட்டிலும் யாரும் பேசியதில்லை. அதாவது, அவர் இருக்கும்போது. அவர் இல்லாதபோது அம்மாவும் மகளும் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: மேம்பாலம்.

*

முதல் விலைப்புள்ளிக்காகப் போன இடம், சலூன் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும் சலூன். கதவு கண்ணாடி, சுவர் கண்ணாடி, மேஜை கண்ணாடி. கொடுத்த தண்ணீரில் ஒரு வெள்ளரித்துண்டு மிதந்தது. விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று அதிகாரி அதை விரலால் எடுத்துத் தட்டில் வைத்தார்.

கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் மிதந்து வந்தார். முடி வெட்டுகிறவர்தான். ஆனால் சட்டையில் 'டைரக்டர்' என்று எழுதியிருந்தது. மகளின் தலையைச் சுற்றி ஒரு வலம் வந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த முடியோட பயணம் எங்க சார் ஆரம்பிச்சது?"

"தலைலேர்ந்துதான்" என்றார் அதிகாரி.

"இல்ல, இத இப்படிப் பண்ணினது யாரு?"

"வெளியாள்."

மகள் கூரையைப் பார்த்தாள்.

டைரக்டர் ஒரு விலை சொன்னார். அதிகாரிக்குக் காது அடைத்தது. "நாற்காலியையும் சேர்த்துக் குடுத்து அனுப்புவீங்களா?" என்று கேட்டுப் பார்த்தார். டைரக்டர் சிரிக்கவில்லை. வரவேற்பு மேஜையில் இருந்த பெண்தான் இரக்கப்பட்டு, "பத்து வயசு வரைக்கும் குழந்தைங்களுக்குப் பாதி சார்" என்றாள்.

"பத்துதான்" என்றார் அதிகாரி, மகள் பக்கம் திரும்பாமலே. "பாக்கறதுக்குத்தான் வளர்த்தி. இன்னும் பாப்பா."

அடுத்த நிமிஷம் உள்ளேயிருந்து சிவப்பு நிறத்தில் ஒரு கார் உருண்டு வந்தது. சக்கரம் வைத்த குழந்தை நாற்காலி. ஸ்டீரிங் இருந்தது, அழுத்தினால் பாம்பாம் என்றது. முயல் படம் போட்ட துணியை உதறியபடி ஒரு பெண், "ஹாய் செல்லம்! வண்டில ஏறு பாக்கலாம். எந்தக் கலர் பலூன் வேணும்?" என்றாள்.

கண்ணாடிச் சுவர் வழியாகத் தெரு முழுக்கத் தெரிந்தது. தெருவுக்கும் உள்ளே எல்லாம் தெரியும்.

"எனக்குப் பதினொண்ணு" என்றாள் மகள். "நடக்கறது பன்னெண்டு."

"சார் பத்துன்னாரே?"

"அவருக்குக் கணக்கு வராது. அவர் அக்கவுண்ட்ஸ் இல்ல, பர்ச்சேஸ்."

தெருவுக்கு வந்ததும் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதிகாரிதான் ஆரம்பித்தார். "பேரம் பேசறப்ப ஒரு வயசு முன்னபின்ன இருக்கத்தான் செய்யும். அதுக்குப் போய்..."

"அப்ப நான் என்ன டிஸ்கவுண்ட்டாப்பா?"

அதிகாரி சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, முதல் விலைப்புள்ளியை அடித்தார்.

அப்போது எதிரிலிருந்து காற்று அடித்தது. அவர் வழக்கம்போல இடது கன்னத்தைக் காற்றுக்குக் காட்டி, நண்டு மாதிரி நடக்க ஆரம்பித்தார். கோபத்திலும் மகள் அவரைச் சுற்றிக்கொண்டு காற்று வரும் பக்கம் போய், முதுகை நிமிர்த்தி, ஒட்டி நடந்தாள். அவள் சிறுபிள்ளையிலிருந்தே அப்படித்தான். பிள்ளைக்குக் காற்று என்றால் கொள்ளை ஆசை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

*

இரண்டாவது, அவர் மாதாமாதம் போகும் கடை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு ரேடியோ. கடைக்காரர் வாய் ஓயாதவர்.

"வாங்க சார் வாங்க! போன வாரந்தானே ஒட்டி... "

அதிகாரி இருமினார்.

"...வந்துட்டுப் போனீங்க! பொண்ணா? உட்காரும்மா. யாரும்மா இது, வெட்டினது? கோவத்துல இருந்தாரா?"

"இவளுக்கு வெட்டணும். எவ்வளவு?" என்றார் அதிகாரி அவசரமாக.

"காசு கிடக்கட்டும் சார். எனக்குத் தெரிஞ்சது ரெண்டே கட்டிங். ஒண்ணு போலீசுக்கு, இன்னொண்ணு மத்தவங்களுக்கு."

"எனக்கு எது அங்கிள்?" என்றாள் மகள்.

"நீ போலீசா?"

"இல்ல."

"அப்ப மத்தது. ஆனா ஒண்ணு சொல்றேன்மா, அதுல காது பூரா வெளிய தெரியும். வேணாம். உனக்கு நான் சரிப்பட மாட்டேன். உங்கப்பாவுக்கே நான் வெட்டறதில்ல, பராமரிப்புதான் பாத்துக்கறேன். அந்த நீளத்த..."

அதிகாரிக்கு இருமல் முற்றியது. நாற்காலியிலிருந்து மகளை எழுப்பி வாசல்படிக்கே கொண்டுவந்துவிட்டார். கடைக்காரர் பின்னாலேயே வந்து வழி சொன்னார்: அடுத்த தெருவில், டயர் கடைக்கு மேல் மாடியில், முடி வெட்டக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. படிக்கிறவர்கள் வெட்டுவதால் பேருக்குத்தான் காசு. டீச்சர் கண்டிப்பானவர், காதைக் கீதை வெட்ட விடமாட்டார்.

பேருக்குத்தான் காசு. அந்த இரண்டு சொற்களும் அதிகாரியின் நடையில் துள்ளலை உண்டாக்கின.

*

மாடியில் நீளமான ஒரு கூடம். இரண்டு பக்கமும் கண்ணாடிகள், கறுப்பு ஏப்ரன் கட்டிய மாணவ மாணவிகள், கீழே டயர் கடையிலிருந்து ஏறி வரும் ரப்பர் வாசனை. அங்கே ஒரு முறை இருந்தது. மாணவர் ஒரு பகுதி வெட்டியதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். டீச்சர் வந்து சீப்பைவிட்டுப் பார்த்துத் தலையசைத்தால்தான் அடுத்த பகுதி. அதுவரை வெட்டியும் வெட்டாமலும் இருக்கும் தலை, அப்படியே காத்திருக்கும்.

கரும்பலகையில் எழுதியிருந்தது: 'இன்றைய பாடம்: ஆண் தலை, முடி குறைந்தது.'

"சின்னப் பொண்ணுங்க முடி அடுத்த மாசப் பாடம்" என்றார் டீச்சர். பள்ளிக்கூட மணி மாதிரி குரல். "அப்ப வாங்க."

"அதுவரைக்கும் தாங்காதும்மா. திங்கட்கிழமை போட்டோ."

டீச்சர் மகளின் தலையைப் பார்த்தார். நிலைமையின் தீவிரம் அவருக்குப் புரிந்தது. "நானே வெட்டிவிடலாம்தான். ஆனா இன்னிக்கு என் கிளாஸே நிக்குது. வரேன்னு சொன்ன ஆளு பண்ணின காரியத்தப் பாருங்க." மூலையில் ஒரு பெரியவர் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை, முட்டை போல மழமழவென்று பளபளத்தது.

"வெட்டறதுக்கு ஆள் வேணும்னு சொன்னா, மொட்டை அடிச்சுட்டு வந்து உட்கார்ந்திருக்கார்!"

"நாலு பேர் பாக்கற இடம், சுத்தமா வருவோம்னு நெனச்சேன் மேடம்" என்றார் பெரியவர், டீ கிளாசுக்குள்.

பேச்சு அதோடு நின்றது. ஏப்ரன் கட்டிய அத்தனை பேரும், மீன்கூடையைப் பார்க்கும் பூனைகளைப் போல, ஒரே திசையில் திரும்பினார்கள். அதிகாரியின் தலை இருந்த திசை அது.

"சார்" என்றார் டீச்சர், குரலில் முதல்முறையாகத் தேன் சேர்த்து. "நீங்க உட்கார்ந்தீங்கன்னா என் கிளாஸ் நடக்கும். உங்க பொண்ணுக்கு நானே வெட்டறேன். ஒரு காசு வேண்டாம்."

ஒரு காசு வேண்டாம்! இப்படி ஒரு விலைப்புள்ளி அவர் மேஜைக்கு வந்ததே இல்லை. நியாயமாக அவர் அங்கேயே கூத்தாடியிருக்க வேண்டும். கூத்தாடவில்லை. அவர் கை, அவரைக் கேட்காமலே மேலே போய், ஜெல் காய்ந்த அந்த முடிகளைத் தொட்டுப் பார்த்தது.

"வேண்டாம்ப்பா" என்றாள் மகள். அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, போலாம்."

"ஏன்? உனக்கு வெட்டறேங்கறாங்களே."

"நான் கடைசி வரிசைல நின்னுக்கறேன். எங்க கிளாஸ்ல ஒரு ஒட்டகச்சிவிங்கி இருக்கா. அவ பின்னாடி நின்னா என் தலையே தெரியாது. ஒண்ணும் பிரச்சனையில்ல. மேம்பாலம் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"எந்த மேம்பாலம்?"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதிகாரி கண்ணாடியில் பார்த்தார். அங்கே ஒரு தலையும், அதன் குறுக்கே ஒரு பாலமும் இருந்தன.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாம் கிளாஸ்லேர்ந்து."

"அம்மாவுக்கு?"

"அம்மாதான் பேரு வெச்சாங்க."

"அப்ப... காத்தடிச்சா நீ ஓடிவந்து அந்தப் பக்கம் நிப்பியே..."

மகள் தன் செருப்பின் வாரைக் குனிந்து பார்த்தாள். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. "எனக்குக் காத்து பிடிக்கும்" என்றாள்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் அதைத் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை. மடித்து மகள் கையில் கொடுத்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இடிச்சிடுங்க" என்றார்.

*

அவருக்குக் கிடைத்த மாணவி முதலில் அந்த முடியை ஈரப்படுத்தி நேராக மேலே தூக்கினாள். அது தூக்கத் தூக்க வந்துகொண்டே இருந்தது. கூடத்தில் "ஓ..." என்று ஓர் ஆச்சரிய அலை எழுந்தது.

"குறிச்சுக்கோங்க" என்றார் டீச்சர். "இந்த நெலமைக்குக் கடன் வாங்கின முடின்னு பேரு. வாங்கின இடமும் பாழ், குடுத்த இடமும் பாழ்." எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். மொட்டைப் பெரியவர்கூட நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

கறக் என்று ஒரு சத்தம். பாலம் மடியில் விழுந்தது. மாணவி கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். டீச்சரோ பக்கத்து நாற்காலியில் மகளைப் பார்க்கப் போய்விட்டார். ஆக, ஒரு பக்கம் புதர், ஒரு பக்கம் பொட்டல் என்று அந்தரத்தில் நின்றபடி, அதிகாரி பக்கத்துப் பேச்சைக் கேட்க நேர்ந்தது.

"உனக்கு எப்படிம்மா வேணும்?"

அதிகாரிக்குத் திக்கென்றது. விவரக்குறிப்பு! என்ன பொருள், என்ன அளவு, என்ன தரம் என்று எழுதாமல் விலை கேட்டு வரும் தாளை அவர் ஆபீசில் குப்பைக்கூடையில் போடுவார். போட்டது மட்டுமல்ல, போட்டதைப் பற்றி ஒரு கூட்டமும் நடத்துவார். இன்று காலையிலிருந்து இத்தனை கடை ஏறி இறங்கியாயிற்று. இந்தப் பிள்ளைக்கு எப்படி வேண்டும் என்று அவர் ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

மகளோ நெடுநாளாகத் தயாரித்து வைத்திருந்தவள் போலச் சொல்லிக்கொண்டு போனாள். "நெத்தில இருக்கறது வளர்ற வரைக்கும் பக்கவாட்டுல ஒதுங்கணும். பின்னாடி படிப்படியா இருக்கணும், ஆனா படிக்கட்டு மாதிரி தெரியக் கூடாது. காது பாதி தெரிஞ்சா போதும். எங்கம்மா மாதிரி இருக்கணும், ஆனா அம்மாவ காப்பி அடிச்ச மாதிரி இருக்கக் கூடாது."

"சரிதான்" என்றார் டீச்சர். "தெளிவா சொல்றே. யாருகிட்ட கத்துக்கிட்டே?"

"எங்கப்பா பர்ச்சேஸ்" என்றாள் மகள்.

அதிகாரி தலையைச் சட்டென்று திருப்பினார். அரைகுறைத் தலையோடு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்பா, ஆடாதீங்க. நேரா வைங்க. ரசமட்டம் கொண்டுவரவா?"

*

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா, முதலில் மகளைப் பார்த்தாள். முடி நெற்றியில் ஒதுங்கி, கழுத்தருகே அழகாக அடங்கியிருந்தது. பதினொன்றாகவும் தெரிந்தது, பன்னிரண்டாகவும் தெரிந்தது. அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். பிறகு பின்னால் நின்றவரைப் பார்த்தாள்.

"யார் சார் வேணும்?"

"நான்தான்."

"குரல் தெரிஞ்ச குரலாத்தான் இருக்கு" என்று அவரைச் சுற்றி வந்தாள். சுற்றும் ஒட்டவெட்டி, நடுவில் உள்ளது உள்ளபடி வெளிச்சத்துக்கு வந்திருந்தது. "பாலம் எங்க?"

"பழுதாயிடுச்சு. எடுத்துட்டாங்க."

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, கை நீட்டி அந்த உச்சந்தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். "இங்கதான் இருந்திருக்கீங்க இத்தனை நாளா."

திங்கட்கிழமை மகள் போட்டோவில் முன்வரிசையில் நின்றாள். 'ஹெல்மெட்' என்று யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், அவள் திரும்புவதற்கு முன்னால் ஒட்டகச்சிவிங்கியே, "எங்கடி ஹெல்மெட்டு?" என்று திருப்பிக் கேட்டுவிட்டாளாம். அன்று மாலை நல்ல காற்று. அப்பாவும் மகளும் கடைத்தெருவுக்கு நேராகவே நடந்து போய்த் திரும்பினார்கள். ஆனாலும் அவள் காற்று வந்த பக்கமே நடந்தாள். பிடிக்குமாம்.

சில வாரம் கழித்து டீச்சர் ஆபீசுக்கே போன் பண்ணினார். பள்ளியின் மாடிப்படிச் சுவரில் விளம்பரத்துக்காகப் பெரிய படங்கள் மாட்டியிருக்கிறார்களாம். அதில் ஒன்று, டீச்சர் அன்று போனில் எடுத்துக்கொண்ட சாருடைய தலையாம். அதிகாரி அடக்கமாக, பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி, "அப்படியா?" என்றார். சாப்பாட்டு இடைவேளையில் மேனேஜர், ஸ்டோர்கீப்பர் இருவரையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனார். போகும் வழியெல்லாம், ஒரு மனிதன் தன்னை உள்ளபடி ஏற்றுக்கொள்வது எப்படி என்று விளக்கினார்.

சுவரில் இரண்டு படங்கள் அருகருகே இருந்தன. வலதுபக்கம், அலையலையாக முடி புரளும் யாரோ ஒரு இளைஞன். அதன் கீழே 'எங்களிடம் வந்த பின்' என்று எழுதியிருந்தது. இடதுபக்கம் அதிகாரி. அதன் கீழே 'எங்களிடம் வரும் முன்'.

"பழைய படம் போலிருக்கு சார்" என்றார் ஸ்டோர்கீப்பர், ஆறுதலாக.

அது வெட்டி முடித்த பிறகு எடுத்த படம்.